வாலைப் பிடித்துக்கொண்டு

எங்கள் குடும்பத்தில் கருஞ்சிறுத்தை என்றால் அது தாத்தாவுடைய சொத்து. தாண்டிக்குடித் தோட்டத்தில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாராம். கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு அது ஒரு முழம் வளரும். சித்தப்பா காபிச் செடிகளுக்கு நடுவே கட்டிவைத்த கேமராவில் நள்ளிரவில் ஏதோ ஒன்று விழ, "அப்பவே தாத்தா சொன்னாரே" என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

படத்தில் இருந்தது பாதி உடம்பு. சாம்பல் நிறம், முகம் அந்தப் பக்கம், நீள வால். உடம்புச் சூடு அசைவதை உணர்ந்து கேமரா விழித்துக்கொள்வதற்குள் பாதி கடந்துவிட்டிருக்கிறது.

சிறுத்தையைத் தள்ளுவது சுலபம். நம் கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் ரோமம் அகச்சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப்போய், அடியில் கிடக்கும் புள்ளிகள் மேலே வந்துவிடும். மலேசியத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. எது எதுவென்று பிரிக்க முடியாத ஆய்வாளர்கள், எந்நேரமும் அகச்சிவப்பு விளக்கே எரியும்படி கேமராவை ஏமாற்றி, புள்ளிகளை வைத்துத் தலை எண்ணினார்கள். ஆய்வு 2015இல் வெளியானது. எங்கள் படத்தில் புள்ளி என்று ஒன்றுகூட இல்லை. அதே இடத்தில் குச்சி நட்டு, அதே கேமராவில் படமெடுத்து ஒப்பிட்டதில் தோள் உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். ஆக, மரநாய்.

ஆனால் எந்த மரநாய்? ஊர்ப்பக்கம் ஓட்டுமேல் ஓடுவதற்கு முகத்தில் கறுப்பு முகமூடியும் முதுகில் கோடுகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத பழுப்பு மரநாய்க்கு இரண்டுமே கிடையாது. முதுகில் கோடு இருப்பதுபோலவும் இருந்தது, இலை நிழல்போலவும் இருந்தது. பழுப்பில் சிலவற்றுக்கு வால்நுனி வெளுத்திருக்கும் என்று படித்தபின் வாலைப் பிடித்துக்கொண்டேன். பெரிதாக்கினேன், வெளிச்சம் கூட்டினேன், குறைத்தேன். வாலின் கடைசி இரண்டு விரற்கடை சட்டத்துக்கு வெளியே இருந்தது. இல்லாத நுனியை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது ஒருவகை வியாதி.

கடைசியில் தோட்டத்துக்கே போய், அங்கே காலமெல்லாம் வேலை பார்க்கும் பெரியவரிடம் போனை நீட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படம் கெடக்கட்டும் தம்பி. எச்சத்தைப் பாத்தீங்களா?"

பாறைமேல் காபிக்கொட்டைகள் கட்டியாக ஒட்டிக் கிடந்தன. குச்சியால் கிளறி, நடுவிலிருந்த பெரிய விதை ஒன்றைத் தள்ளிக் காட்டினார். "இது சோலைக்குள்ளதான் பழுக்கும். இவன் சோலைக்காரன். ஓட்டுமேல ஓடுறவன் இல்ல." ஊர் மரநாயும் சோலைக்குப் போகலாமே என்றேன். "போகலாம். இவன் போகல, அங்கருந்து வாரான்." அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

ஊர் திரும்பிப் பழுப்பு மரநாயின் பழங்கதையைத் துழாவினேன். 1885இல் வில்லியம் பிளான்ஃபோர்டு அதைத் தனி இனமாக எழுதிவைத்தபோது, அவர் குறித்த இடம் கொடைக்கானல். இதே பழனி மலை! மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார். அந்த நிமிஷமே தாத்தாவின் சிறுத்தை எனக்கு வேண்டாதது ஆகிவிட்டது.

மறுபடி போனேன். "மரத்துல போறவனத் தரையில தேடுனா பாதிதான் கெடைப்பான்" என்று பெரியவர் கேமராவை அவிழ்த்து, பழுத்திருந்த அத்திமரத்துக் கிளையைப் பார்க்கும்படி கட்டச் சொன்னார். நேருக்கு நேராக முகம் கிடைத்தது. முகமூடி இல்லை. உடம்பு முழுக்க ஒரே நிறம்.

அந்தப் படத்தையும் அவர் பார்க்கவில்லை. சில்வர் ஓக் விழுந்து வெறிச்சோடிய மேட்டுக்குக் கூட்டிப்போனார். பாறையில் பொறுக்கும் சோலைக்கொட்டைகளை அங்கேதான் வீசிவைப்பாராம். முளைத்திருந்ததில் ஒன்றை ஆடு கடித்திருந்தது. வேலி போட முள்கம்பிக்குச் சித்தப்பாவிடம் சொல்லச் சொன்னார்.