கப்பல் காத்திருக்குமா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று நாள், நான்கு நாள் உல்லாசக் கப்பல்களில் இப்போது நம் ஊர்க் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தயிர்சாதம் தேடுகிறவர்களைப் பார்க்கலாம். லிஃப்டில் கோயம்புத்தூர்த் தமிழ் கேட்கலாம். இந்தக் கப்பல்கள் வழியில் நிற்கும் ஊர்கள் பினாங்கு, புக்கெட், போர்ட் கிளாங் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. காலையில் கரையில் கட்டுகிறார்கள், மாலையில் அவிழ்த்துவிடுகிறார்கள். நடுவில் நமக்குக் கிடைப்பது ஏழெட்டு மணி நேரம். ஆகவே முந்தைய இரவு சாப்பாட்டு மேசைகளில் எல்லாம் ஒரே வழக்குதான் ஓடும்: கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் போவதா, வெளியே தனியாகக் கைடு வைத்துக்கொள்வதா?

எங்கள் மேசையில் இந்த வழக்கு சமரசம் ஆகவில்லை. அத்தான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தரவாதம் இல்லாத எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். தன் நண்பர்கள் இருவரோடு கப்பல் டூருக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அக்கா, அவள் மாமியார், அக்கா மகன், நான் ஆகிய நால்வரும் முன்கூட்டியே பேசிவைத்திருந்த பினாங்குக் கைடோடு போவதாக முடிவாயிற்று. இதனால் ஒரே நாளில் ஒரே ஊரைக் குடும்பமாக இரண்டு வகையில் பார்த்துவிட்டு இரவில் சண்டை போட வாய்த்தது.

கப்பல் டூர் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எல்லாரும் கப்பலின் அரங்கத்தில் கூடவேண்டும். சட்டையில் ஓர் எண் ஒட்டுவார்கள். அந்த எண்ணை அழைத்ததும் வரிசையாக இறங்கி அதே எண்ணுள்ள பேருந்தில் ஏறவேண்டும். கொடி பிடித்த கைடு முன்னால் போவார், நாற்பது பேர் பின்னால் போவார்கள். கல்யாணப் பந்திதான் இது. இலையில் விழுவதைச் சாப்பிட வேண்டும், வரிசை எழும்போது கை கழுவ வேண்டும். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. தனிக் கைடென்றால் வண்டிக்கு இவ்வளவு. ஒருவராகப் போனால் முதலாவது மலிவு, நால்வர் ஐவராகப் போனால் இரண்டாவது மலிவு. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும், இதற்காக யாரும் இரவு பதினொரு மணிவரை வாதாடுவதில்லை.

வாதம் வேறொன்றைப் பற்றியது. கப்பல் டூரின் பேருந்து தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர் பத்து நிமிடம் பிந்தினால், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கப்பல் போய்விடும். அடுத்த ஊருக்கு விமானமோ பேருந்தோ பிடித்து நம் செலவில் நாம்தான் ஓடவேண்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டையும் அவர்களே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் பயம் இரட்டிப்பாகிறது. அத்தான் கூடுதலாகக் கொடுத்த பணம் இடங்களுக்காகக் கொடுத்தது அல்ல. நேரத்தைப் பற்றிக் கவலைப்படும் வேலையை வேறொருவர் தலையில் ஏற்றிவைப்பதற்கான கூலி அது. அப்படிப் பார்த்தால் நியாயமான விலைதான்.

பினாங்கில் கப்பல் கட்டுமிடம் சுவெட்டன்ஹாம் துறை. இறங்கி வாசலுக்கு வந்தால் டாக்சிக்காரர்கள் படம் போட்ட அட்டைகளோடு சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்களைத் தாண்டினால் எதிரே விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு. ராணி பட்டமேறி 60 ஆண்டு ஆனதைக் கொண்டாட, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் சா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. 1897இல் நினைத்த வேலை 1902இல்தான் முடிந்தது. அதற்குள் ராணியே காலமாகிவிட்டார். அதன் நிழலில் எங்கள் கைடு நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் சுற்றுலா அமைச்சகத்தின் உரிம அட்டை தொங்கியது. மலேசியாவில் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாதவர் கைடு வேலை பார்க்கக்கூடாது. வாசலில் "கம்மியா கூட்டிட்டுப் போறேன்" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த அட்டையைத்தான்.

"வாங்க, பசியாறிட்டீங்களா?" என்றார். மலேசியத் தமிழர்கள் காலைச் சாப்பாட்டை இப்படித்தான் கேட்பார்கள். அவருடைய தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவராம். அத்தைக்குப் பக்கத்துச் சீமை. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. எண்பதை நெருங்குகிறவர், சொந்த ஊர் சங்கரன்கோவில். அந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் சந்தித்ததும் எங்கள் மூவரையும் விட்டுவிட்டு அவர்கள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் பட்டியலில் முதலில் இருந்தது பினாங்கு மலை. 1923 முதல் கம்பிவட ரயில் ஓடுகிற மலை அது, உச்சி 800 மீட்டருக்கு மேல். கைடு தலையை ஆட்டினார். "மலை இன்னிக்கு வேணாம் தம்பி. பள்ளிக்கூட லீவு. கியூவில நின்னே பொழுது போயிரும். அம்மாவுக்கு நிக்க முடியாது. அந்த டிக்கெட் வெள்ளிய மிச்சம் பிடிங்க, வேற எடம் காட்றேன்." வெள்ளி என்றால் அங்கே ரிங்கிட்.

அன்று முழுக்க அவர் செய்த காரியங்களில் பெரியதாக இதைத்தான் நினைக்கிறேன். விற்றுவிட்ட டூரில் மலை இருந்தால் மழை வந்தாலும் வரிசை நீண்டாலும் மலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பேருந்தில் இருக்கும் கைடு நல்லவரோ கெட்டவரோ, 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நாம் கொடுக்கும் கூலியில் பாதி அவர் காட்டுகிற இடங்களுக்கு, மீதி அவர் காட்டாமல் விடுகிற இடங்களுக்கு.

தூரத்தில் இருப்பதை முதலில் முடித்துவிட்டு, பிறகு துறையை நோக்கித் திரும்பி வருவது அவருடைய முறை. எனவே முதலில் காடியில் தண்ணீர்மலைக்குப் போனோம். கார், வேன் எல்லாமே அங்கே காடிதான். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோவில், 513 படி. அத்தை கீழே நின்றே கும்பிட்டுக்கொண்டார். அதே சாலையோரம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோவில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முன்தினம் பினாங்குத் தெருவிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதம் இங்கேதான் வந்து சேரும். காரைக்குடிப் பக்கம் செய்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலில் வந்த ரதம் அது. முருகன் வட்டிக்கடைக்காரர்களோடு சேர்ந்தே கடல் கடந்திருக்கிறான்.

திரும்பி ஜார்ஜ் டவுனுக்குள் வந்து இறங்கி நடந்தோம். யுனெஸ்கோ 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பழைய நகரம் இது. மசூதி, கோவில், தேவாலயம் மூன்றையும் கால்நடையாகவே பார்த்துவிடலாம். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலிக்கன் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோவில், 1833இல் குயின் தெருவில் எழுந்த மகாமாரியம்மன் கோவில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் மசூதி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இந்த மசூதியைக் கட்டியவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர். கொஞ்சம் தள்ளி சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. ஆண்டவர் அடக்கமாகியிருப்பது நாகூரில்தான். கடல் தாண்டி வந்தவர்கள் பயணம் பத்திரமாக முடிந்த நன்றிக்கு அவர் பெயரால் இங்கே ஓரிடம் எழுப்பிக்கொண்டார்கள்.

இங்கே நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் டூர்களில் 'லிட்டில் இந்தியா' ஒரு நிறுத்தம். பூமாலை, பட்டுச்சேலை, ஊதுபத்தி மணம், ஒலிபெருக்கியில் சினிமாப்பாட்டு. ஐரோப்பியப் பயணிக்கு அது அதிசயம். மதுரையிலிருந்து போனவருக்கு மாசி வீதியைக் காசு கொடுத்துப் பார்த்த கதை. மாரியம்மன் யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் இங்கே எப்படி வந்தாள், யார் அழைத்து வந்தார்கள் என்பதைத்தான் எனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கைடு கார்ன்வாலிஸ் கோட்டையின் செங்கற்சுவரைக் காட்டி, அதைக் கட்ட உழைத்தவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இருந்தார்கள் என்றார். நாசி கண்டார் கடையைக் கடக்கும்போது, தோளில் கம்பு வைத்து ஒருபக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்ற ராமநாதபுரத்துக்காரர்களைப் பற்றிச் சொன்னார். அப்படி விற்றவர்களின் வாரிசாக 1907இல் தொடங்கிய ஹமீதியா கடை இன்றும் நடக்கிறது.

அத்தை ஒரு கேள்வி கேட்டார். எந்த டூர் அட்டவணையிலும் இடம்பெற முடியாத கேள்வி. "ரஜுலா கப்பல் எங்கய்யா வந்து நிக்கும்?"

அத்தையின் சித்தப்பா ரஜுலாவில் பினாங்குக்குப் போனவராம். 1926இல் கட்டிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம் வழியாக வங்கக் கடலைக் கடந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்மவர்களை ஏற்றி இறக்கியது. பெரும்பாலானவர்களுக்கு அறை கிடையாது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். பின்னால் அந்த வழியில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் அது தீப்பிடித்ததோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. கைடு எங்களைக் கடலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தீவுக்கும் பட்டர்வர்த் கரைக்கும் நடுவிலுள்ள நீரைக் காட்டினார். "எங்க தாத்தாவும் அதுலதான் வந்தாரும்மா." அதற்கப்புறம் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். பையன் பொறுமை இழந்து, ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சகாரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தைப் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான். நாற்பது பேர் பேருந்தில் ஒரு கிழவியின் சித்தப்பாவுக்கு அரைமணி ஒதுக்க யாராலும் முடியாது. அது கைடின் குறையல்ல. உண்மையில் கப்பல் டூரில் வருபவர்களும் இதே உரிமம் வாங்கிய கைடுகள்தான். இன்று பேருந்தில் கொடி பிடிப்பவர் நாளை காடி ஓட்டி நான்குபேரைக் கூட்டிப்போவார். ஆள் மாறுவதில்லை, அவர் பின்னால் வருகிறவர்களின் தொகைதான் மாறுகிறது.

எங்கள் பக்கத்து நஷ்டத்தையும் சொல்லவேண்டும். மத்தியானத்துக்குமேல் அக்கா நிம்மதியாக எதையும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம். போதாததற்குப் பையனின் போன் முந்தைய ஊரான புக்கெட்டின் நேரத்திலேயே நின்றிருந்தது. தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி பின்னால். கப்பலில் எழுதிப்போட்ட நேரம்தான் கணக்கு என்று கைடு சொல்லியும் அவளுக்குப் பதற்றம் அடங்கவில்லை. கடைசி ஒன்றரை மணி நேரத்தை அவர் துறையிலிருந்து நடக்கிற தூரத்துக்குள்ளேயே வைத்திருந்தார். வாழையிலைச் சாப்பாடு, அப்புறம் மணிக்கூண்டுவரை மெதுவான நடை. இருந்தும் நேரத்துக்குக் காவல் நின்றவர்கள் நாங்கள்தான்.

அத்தான் பக்கம் வேறு கதை. கெக் லோக் சி கோவிலில் சீன, தாய், பர்மியப் பாணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய கோபுரத்தைப் பார்த்திருக்கிறார். மலைக்கும் போயிருக்கிறார், வரிசையில் வெகுநேரம் நின்று, உச்சியில் அரைமணி. ஒரு பாத்திக் துணிக்கடையில் நாங்கள் யாரும் கேட்காத நான்கு சட்டைகள் வாங்கியிருக்கிறார். ஆயர் ஈத்தாம் சாலையில் மழையும் நெரிசலும். கப்பலுக்குள் எல்லாரும் வந்துவிட வேண்டிய நேரம் கடந்து, மேல்தளத்தில் நின்று நாங்கள் நகம் கடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பேருந்து நிதானமாக வந்து நின்றது. கப்பல் காத்திருந்தது. அத்தான் ஓடவில்லை, குடையை மடக்கிக்கொண்டு நடந்து வந்தார். பேருந்தில் நன்றாகத் தூங்கினாராம்.

இரவுச் சாப்பாட்டில் இரண்டு கட்சியும் தான் வென்றதாகவே பேசின. இரண்டும் சரி என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. பினாங்கைப் பொறுத்தவரை துறை ஊரின் நடுவிலேயே இருக்கிறது. கோட்டையும் மசூதியும் மாரியம்மனும் நடக்கிற தூரத்தில். கால் தெம்புள்ள இளைஞர் கைடும் இல்லாமல், டூரும் இல்லாமல், வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து கொம்தார்வரை போகிற இலவசப் பேருந்தில் ஏறி இறங்கியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரில் கப்பல் போய்விடுமோ என்ற பயத்துக்கு அவ்வளவு விலை கொடுப்பது வீண். போர்ட் கிளாங்கில் இறங்கிக் கோலாலம்பூர் பார்க்க நினைப்பவருக்கு அப்படியில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலை. தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்திலிருந்து பாங்காக் இரண்டு மணி நேரம், அதுவும் நெரிசல் கருணை காட்டினால். அங்கே கப்பலின் வாக்குறுதிக்குக் கொடுக்கும் காசு ஒவ்வொன்றும் தகும். ஆகவே விலைப்பட்டியலை எடுக்குமுன் வரைபடத்தை எடுங்கள். பார்க்க ஆசைப்படும் இடம் துறையிலிருந்து எவ்வளவு தூரம், கூட வருகிறவர்களில் அந்த ஊரிடம் கேள்வி வைத்திருப்பவர் யாராவது உண்டா என்ற இரண்டையும் பார்த்தால் முடிவு தானே வந்துவிடும்.

அடுத்த தடவை பினாங்கு வந்தால் நான் அதே கைடைத்தான் கூப்பிடுவேன். பாங்காக் என்றால் அத்தானோடு சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு பேருந்தில் ஏறி, அவருக்குப் பக்கத்து இருக்கையில் தூங்குவேன்.