இரண்டரைக் கிலோ

என் கையெழுத்தில் அதிகமாக வந்த எண் 2.500. பிறந்த குழந்தையின் எடை என்ற கட்டத்தில் அதை எழுதி எழுதிப் பழகி, பிற்காலத்தில் பேனா யோசிக்காமலே எழுதியது. அந்தக் குழந்தைகளில் பல பேருக்கு அந்த எடை இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

ஏற்காடு அடிவாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுற்றுலா வருகிறவர்களுக்கு அடிவாரம் என்பது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகிற இடம். மொத்தம் 20 வளைவு, மேலே போனால் ஏரி, படகு. என் பொறுப்பில் இருந்த ஊர்களில் பாதி அந்த ரோட்டில் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் சரிவுக்குப் போக வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. காகிதத்தில் பார்த்தால் மலைக்குச் சலுகை. அந்த 3,000 பேரும் ஒரே தெருவில் குடியிருந்தால் சலுகைதான்.

அப்போது சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்களில் பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டில் நடந்தன. உள்ளூர் மருத்துவச்சி பார்ப்பார். எனக்குத் தகவல் வர நாலைந்து நாள் ஆகும். பழம் பறிக்கிற பருவமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும், ஏனென்றால் சொல்ல வேண்டிய ஆள் எல்லாம் தோட்டத்தில். நிறைமாதத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி பிடித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தசோகை, சின்ன வயதுக் கல்யாணம், ஒரு பிள்ளை இறங்குவதற்குள் அடுத்தது. குழந்தைகள் எடை குறைந்து பிறந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 2,490 குறைவு, 2,500 குறைவு இல்லை. இந்த ஒரு கோட்டில்தான் என் வசதி இருந்தது. கீழே எழுதினால் அந்தக் குழந்தையின் பெயர் தனிப் பட்டியலில் ஏறும். கூடுதல் முறை வீட்டுக்குப் போக வேண்டும். மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, தாய்க்கு இரும்பு மாத்திரை கொடுத்தாயா, எத்தனை முறை பார்த்தாய், ஏன் மேலே அனுப்பவில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2.500 என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். உட்காரலாம்.

மனசாட்சிக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். பிறந்த சில நாளில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். ஐந்தாம் நாள் போய்த் தூக்குத் தராசில் துணியோடு மாட்டினால், ஊசி ஆடி ஆடி 2.200இல் நிற்கும். இறங்கியதைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு முந்நூறு கிராம் சேர்ப்பேன். துணியின் எடையைக் கழிக்க மட்டும் மறந்துவிடுவேன். போகாமலே எழுதியதும் உண்டு. மருத்துவச்சியைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்து, குழந்தை எப்படி என்று கேட்பேன். “நல்லாருக்கு நர்ஸம்மா” என்பார். 2.500.

நான் மட்டுமா செய்தேன்? தேசியக் குடும்ப நல ஆய்வில் வருகிற பிறப்பு எடைகளை வரிசைப்படுத்தினால் 2,500இலும் 3,000இலும் குழந்தைகள் வந்து குவிந்து கிடக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். படித்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மகள் எம்.எஸ்சி. நர்சிங் படித்தாள். அவள் ஆய்வேட்டுக்காக வீட்டில் கிடந்த தாள்களில்தான், இவ்வளவு காலம் நான் எதைத் தொட்டுக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது. சிறுநீரகம் கருவின் ஐந்தாம் வாரத்தில் ஒரு சின்ன மொட்டாகத் தொடங்குகிறது. அது பக்கத்துத் திசுவுக்குள் புகுந்து கிளை விடுகிறது. ஒவ்வொரு கிளை நுனியும் சுற்றியிருக்கும் செல்களைத் தூண்டி நெஃப்ரான்களை உண்டாக்குகிறது. ரத்தத்தை வடிகட்டுகிற நுண்குழாய்கள் அவைதான். இந்த வேலை ஏறக்குறைய 36ஆம் வாரத்தோடு முடிந்துவிடும். பாதிக்கு மேற்பட்ட நெஃப்ரான்கள் கடைசி மூன்று மாதத்தில் உருவாகின்றன. நான் பார்த்த பெண்கள் ஏணி பிடித்த மாதங்கள் அவை. பிறந்த பிறகு இருப்பவை பெரிதாகலாம், புதிதாக ஒன்றும் முளைக்காது. குறைமாதக் குழந்தைக்கு மட்டும் வெளியே வந்தும் சில வாரம் உருவாகும், அதுவும் அரைகுறையாக.

இந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு சிறுநீரகத்தில் சராசரி பத்து லட்சம் என்பார்கள். இரண்டு லட்சத்தோடு வாழ்ந்தவர்களும் உண்டு, இருபத்தைந்து லட்சத்தோடு வாழ்ந்தவர்களும் உண்டு. குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் கூடுதல் சுமை தூக்கி, வீங்கி, தழும்பேறி, கடைசியில் கெடுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்காவின் பாரி பிரென்னர் 1988இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அது ஊகம். 2003இல் ஜெர்மனியில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் இருந்த பத்துப் பேருக்கு நடுமதிப்பு ஏழு லட்சம். இல்லாத பத்துப் பேருக்குப் பதினான்கு லட்சம்.

கவனியுங்கள், இறந்தவர்களில் எண்ணினார்கள். உயிரோடு இருக்கிற குழந்தைக்கு எத்தனை நெஃப்ரான் என்று சொல்லுகிற சோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் வழக்கத்தில் இல்லை. வெளியிலிருந்து கிடைக்கிற முக்கியமான தடயம் பிறந்த எடை. அதே 2003இல் அமெரிக்காவில் பிரேதப் பரிசோதனைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள்: பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் சிறுநீரகம் ஒன்றுக்குச் சுமார் 2,57,000 நெஃப்ரான் கூடுகிறது. சராசரிதான், தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் நான் பெருக்கிப் பார்த்தேன். என் முந்நூறு கிராமுக்கு 77,000. காகிதத்தில் மட்டும் இருக்கிற வடிகட்டிகள்.

அந்தத் தாள்களில் ஆராய்ச்சியாளர்களின் பெயர்களைவிட என்னை உறுத்தியது செவிலியர்களின் ரிஜிஸ்டர்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் 1911 முதல் தன் செவிலியர்களை வீடு வீடாக அனுப்பி, குழந்தை பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை போட்டு எழுத வைத்தார். பல பத்தாண்டு கழித்து டேவிட் பார்க்கர் அந்தப் பேரேடுகளை எடுத்துத்தான், சிறு வயதில் எடை குறைந்தவர்கள் பின்னாளில் இதய நோயில் அதிகம் இறந்ததை 1989இல் காட்டினார். மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934இலிருந்து எழுதி வைத்த பிறப்புக் குறிப்புகள் நம் தென்னிந்தியக் கதையைச் சொல்லின. நார்வேயில் 1967 முதல் ஒவ்வொரு பிறப்பும் பதிவாகிறது. 2004 வரை பிறந்த 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்ததில், எடையில் கடைசிப் பத்து சதவீதத்தில் பிறந்தவர்களுக்குச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு 1.7 மடங்கு. செயலிழந்தவர்கள் மொத்தம் 526 பேர்தான். இருபது லட்சத்தில் ஐந்நூறு பேரைத் தேடுகிற வேலைக்கு எத்தனை செவிலியர்கள் ஊசி நிற்கும்வரை காத்திருந்து எழுதியிருக்க வேண்டும்! என் ரிஜிஸ்டரை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்திருந்தால், அடிவாரத்தில் எடை குறைந்த குழந்தையே அபூர்வம் என்று முடிவு வந்திருக்கும்.

இதுவரை சொன்னது பொதுக் குற்றம். இன்னொன்று இருக்கிறது.

மலைச்சரிவு ஊர் ஒன்றில் பிறந்த பெண். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஓயாத தலைவலி. கண்ணாடி போட்டும் தீரவில்லை. என்னிடம் கூட்டி வந்தார்கள். எங்களிடம் இருந்தது பெரியவர்களுக்கான கைப்பட்டை. மெலிந்த கையில் அதைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். அப்படிக் காட்டியதே 140ஐத் தாண்டியது. நானே உடன் போய்ச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். சிறுநீரில் புரதம் போனது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வயதுக்குச் சிறியவை. சிறுநீர் பின்னோக்கி ஏறுகிறதா, அடிக்கடி காய்ச்சல் வந்ததா, வீட்டில் யாருக்காவது உண்டா, சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தள்ளிக்கொண்டே வந்தார். பிறகு, பிறந்த எடை?

அம்மா மஞ்சள் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். என் கையெழுத்து. 2.500. “அப்ப வெயிட் நார்மல்” என்று சொல்லியபடியே டாக்டர் எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

சொல்லியிருந்தால் அன்றைய மாத்திரை மாறியிருக்காது என்று எனக்கு நானே பல தடவை வாதாடியிருக்கிறேன். மாறியிருக்காதுதான். ஆனால் காரணம் தேடி அந்தக் குழந்தைக்குச் செய்த சில பரிசோதனைகளில் ஒன்றிரண்டு குறைந்திருக்கலாம். சிறுநீர்க் குழாயில் டியூப் விட்டு எடுக்கிற படத்துக்கு அவள் எப்படி அழுதாள் என்பது எனக்குத் தெரியும். அதைவிட, அட்டையில் உண்மையை எழுதியிருந்தால் ரத்த அழுத்தத்தை நாங்களே முன்னாடியே பார்த்திருப்போம். மிகவும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு மூன்று வயதுக்கு முன்பே பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். அவளுக்குப் பன்னிரண்டு வயது வரை யாரும் பார்க்கவில்லை. எடைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. அது காரணமா என்று கேட்கவே வழியில்லாமல் செய்தவள் நான், அதை அடித்துச் சொல்லலாம்.

இப்போது அவளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போனேன். வெட்கம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பயம் பிடித்துக்கொண்டது. அவள் சாப்பிடுவது எனாலாப்ரில். புரதம் போவதைக் குறைக்கிற நல்ல மாத்திரை. ஆனால் கர்ப்பத்தில் அது கூடாது. வயிற்றில் இருக்கிற குழந்தையின் சிறுநீரக வளர்ச்சியையே கெடுக்கும். கரு தங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். அதைச் சொன்ன கையோடு அட்டை விஷயத்தையும் சொன்னேன்.

அம்மா கோபப்படவில்லை. “எனக்குத் தெரியுமே நர்ஸம்மா. அன்னிக்கு மழை. நீங்க தராசு கொண்டு வரல. கையில தூக்கிப் பாத்துட்டு எழுதுனீங்க. சின்னப் புள்ளையாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

எனக்கு அந்த மழையே ஞாபகம் இல்லை. ஐந்தாம் நாள் தராசு, 2.200 என்றெல்லாம் மேலே சொன்னேனே, இவளையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரி நோட்டில், பிறந்த எடை 2.500 என்பது தவறு என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை வாங்கிப் படித்தாள்.

“அப்ப நான் எவ்வளவு இருந்தேன்?”

“ரெண்டு கிலோ இருந்திருப்பே. அதுக்கும் கீழயா இருந்தாலும் இருக்கும். எனக்குத் தெரியாது கண்ணு. நான் எடை போடல.”