கரை தெரிந்த பின்

திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி வளர்ந்த ஊர் அண்ணனூர். கடல் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கிழக்கே. எங்கள் ஊருக்கு அடையாளம் புறநகர் மின்தொடர் வண்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனை. ஊரார் அதைக் கார்ஷெட் என்பர். என் தந்தை அங்கே பொருத்துநர். இரவெல்லாம் கைவிளக்குடன் வண்டிகளுக்கு அடியில் ஊர்ந்து திரிந்துவிட்டு, முதல் வண்டி புறப்பட்ட பிறகே வீடு திரும்புவார். "இருக்கை கிழிந்திருந்தால் நூறு பேர் புகார் எழுதுவார்கள். பிரேக் கட்டையை ஒருவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. சிறுவயதில் அது எனக்குச் சலிப்பூட்டும் பேச்சாகவே இருந்தது.

அம்பத்தூரில் தொழிற்பயிற்சி முடித்த நான், உறவினர் ஒருவரின் வழியாகக் கொச்சியில் பாய்ப்படகுகளைச் செப்பனிடும் வேலைக்குச் சென்றேன். படகை ஒரு துறையில் விலைக்கு வாங்குபவர், அதைத் தம் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கக் கூலிக்கு ஆள் அமர்த்துவார். அவ்வாறு சென்னைக்கு வந்த 38 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒன்றில் நான் இரண்டாம் ஆள். தலைவராக வந்தவர் தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக இருந்து முதிர்ந்தவர். அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். மூன்றாமவர் கொச்சி இளைஞர்; சமையலும் இரவுக்காவலும் அவர் பொறுப்பு.

கொச்சியிலிருந்து சென்னைக்கு நேர்வழி பாம்பன் கால்வாய். ஆனால் அது ஆழமற்றது. எங்கள் படகின் அடிக்கட்டையோ நீருக்குள் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தது. ஆகவே இலங்கையைச் சுற்றினோம். மார்ச் மாதம். வடகிழக்குக் காற்று தளர்ந்து, கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்பியிருந்த காலம். தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கைக் கடந்தபின் அந்த நீரோட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது எனலாம்.

பருத்தித்துறைக்குக் கிழக்கே நெடுந்தொலைவில் சென்ற இரவில், அண்ணாச்சி இருட்டில் மேற்குத் திசையைக் காட்டினார். "அந்தப் பக்கம் வல்வெட்டித்துறை. அன்னபூரணி கட்டின ஊரு" என்றார். அந்தக் கதையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பின்னர் தேடிப் படித்தேன். 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறைக் கைவினைஞர்கள் வேப்பமரத்தால் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 90 அடி. சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். சூயஸ் கால்வாய், நடுநிலக்கடல், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக அதை அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தவர்களுள் வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் இருந்தனர். சேர்ந்த நாள் 1938 ஆகஸ்டு 1. வாங்கியவரிடம் கப்பலை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும் வேலை; அளவில் எவ்வளவோ சிறியது எனினும், எங்கள் பயணமும் அதே இனத்தைச் சேர்ந்தது என்ற நினைவு எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையே மறுநாள் என்னைத் தவறு செய்யத் தூண்டியதோ என்னவோ.

ஒப்படைக்கும் நாளன்று விடியலில் மாமல்லபுரத்துக்கு நேர் கிழக்கே இருந்தோம். முந்தைய இரவின் திடீர்க் காற்றில் பெரும்பாய் ஓரத்தில் இரண்டு முழ நீளம் கிழிந்திருந்தது. டீசல் குழாயின் இணைப்பில் கசிவு. மேல்தளம் முழுவதும் உப்பும் கறையும். மாலை நான்கு மணிக்கு உரிமையாளர் குடும்பத்தோடு துறையில் காத்திருப்பார். அன்றே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். கூலியின் இறுதிப் பகுதி அவர் மனநிறைவைப் பொறுத்தது. பாயைத் தைப்பதென்றும் தளத்தைத் தேய்ப்பதென்றும் நானாகவே முடிவு செய்து, ஊசியும் மெழுகுநூலும் எடுக்கப் போனபோதுதான் அதைக் கண்டேன்.

பாய்மரம் தன் வலிமையால் மட்டும் நிற்பதன்று. இருபுறமும் தளத்தோடு இழுத்துக் கட்டப்பட்ட எஃகுக் கம்பிகளே அதைத் தாங்குகின்றன. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் கம்பியின்மேல் சுமை ஏறும். மறுபக்கத்துக் கம்பி தளர்ந்து கிடக்கும். எங்கள் கம்பி ஒவ்வொன்றிலும் 19 இழைகள். வலப்புறக் கம்பி அடிக்குழலுக்குள் நுழையும் வாயருகே ஓர் இழை அறுந்து, முள்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

துருப்பிடிக்காத எஃகு என்று பெயரே தவிர, உப்புநீர் தேங்கும் இடுக்குக்குள் அதுவும் அரிக்கப்படும். அதைக் காக்கும் மெல்லிய படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உயிர்வளி வேண்டும். காற்றுப் புகாத குழலுக்குள் அது கிடைப்பதில்லை. மரக்கப்பலில் பலகை விலகினால் நீர் உள்ளே வந்து உண்மையைச் சொல்லிவிடும். கம்பி அப்படிச் சொல்வதில்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வெள்ளை ஒட்டுநாடாவை எடுத்து அந்த இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றினேன். பத்து நாள் தாங்கியது இன்னும் பத்து மணி நேரம் தாங்காதா? இப்போது சொன்னால் பாயைத் தைக்க நேரமிராது. கிழிந்த பாயோடு துறைக்குள் போவதைக் காட்டிலும் அவமானம் உண்டா? நாடா மிக நேர்த்தியாக அமைந்தது. பிறகு கால்நீட்டி அமர்ந்து பாயைத் தைக்கத் தொடங்கினேன்.

ஒரு மணி நேரம் தைத்திருப்பேன். ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை கண் அந்த வெள்ளைச் சுற்றுக்கே போயிற்று. காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து, அதாவது இடப்புறத்திலிருந்து, வீசிக்கொண்டிருந்தது. வலக்கம்பியில் சுமை இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். சுமை முழுவதும் வலப்புறம் மாறும். மாலையில் அந்தக் காற்றிலேதான் பிள்ளைகள் படகில் அமர்ந்திருப்பார்கள். பிரேக் கட்டை நினைவுக்கு வந்தது. ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தேன்.

"அண்ணாச்சி, கம்பியில ஒரு இழை அறுந்திருக்கு. நான்தான் நாடா சுத்தி மறைச்சுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பக்கம்?"

வலப்பக்கம் என்றதும் வானத்தையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மணி எட்டரை. "காத்து மாற மூணு மணி நேரம் இருக்கு. பாயைச் சுருட்டு தம்பி. கிழிஞ்ச பாயால யாரும் சாக மாட்டான்."

வேலை தொடங்கியது. பாய்மர உச்சியிலிருந்து இறங்கும் உபரிக் கயிறு ஒன்று இருந்தது. அதை வலப்புறத் தளவளையத்தின் வழியே கொண்டுவந்து, வின்ச் உருளையில் சுற்றி, பாய்மரம் சற்றே வலப்புறம் சாயும்வரை இறுக்கினோம். கயிறு நெகிழும் தன்மையது. முதலில் இறுக்கியது கால் மணியில் தளர்ந்துவிட்டது. மீண்டும் இறுக்கினோம், பிறகு மீண்டும். உராயும் இடத்தில் பழைய சாக்கை வைத்துக் கட்டினோம். கொச்சித் தம்பி டீசல் இணைப்பில் புது வளையம் போட்டுக் கசிவை நிறுத்தினார். பாயை நம்பாமல் எந்திரத்தில் மெல்லப் போவதென முடிவாயிற்று. பதினொன்றரை மணிக்குக் கிழக்கே நீர் கறுத்துச் சுருங்கிக் கடற்காற்று வந்தது. கயிறு ஒருமுறை முனகியது. பாய்மரம் அசையவில்லை.

துறையில் எங்களை வரவேற்ற முகங்களில் மகிழ்ச்சி இல்லை. தளம் கறையாய், பாய் பாதி தைத்ததாய், நடுவே அழுக்குச் சாக்கு சுற்றிய கயிறாய் வந்த படகைக் கண்டு யார்தான் மகிழ்வார்? அண்ணாச்சி பயணக் குறிப்பேட்டைத் திறந்து, தம் கையால் எழுதிய குறைகளை உரிமையாளரிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். நாடா சுற்றியதை மட்டும் எழுதவில்லை. "கம்பி மாத்துற வரைக்கும் படகு கரையைவிட்டு நகரக்கூடாதுங்க" என்று முடித்தார். பிள்ளைகள் அழுதனர். கம்பி மாற்றிய பிறகே மீதிக் கூலி என்றார் உரிமையாளர். அவரைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை.

எட்டு நாள் கழித்துப் புதுக்கம்பி வந்தது. பழைய குழலை இரம்பத்தால் நெடுக அறுத்துப் பார்த்தோம். உள்ளே மேலும் நான்கு இழைகள் அறுந்து பழுப்பேறிக் கிடந்தன.

அந்தத் துண்டை அண்ணனூருக்கு எடுத்துச் சென்றேன். அப்பா இரவுப்பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கைவிளக்கை ஏற்றி, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பார்த்ததும் சொல்லிட்டியா?"

"ஒரு மணி நேரம் கழிச்சுச் சொன்னேம்ப்பா."

அவர் எதுவும் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் காட்ட வேண்டும் என்று, துண்டைத் தாளில் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.