சுருளிப்பட்டியில் ஓர் அரிவாள் பிடி

சுருளி அருவிக்குப் போகிறவர்கள் சுருளிப்பட்டியைப் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். கம்பத்தில் ஏறியது முதல் ஸ்நானம், அமாவாசைத் தர்ப்பணம், கட்டுச்சோறு, அதைப் பறிக்க வரும் குரங்கு என்று இதே பேச்சு. வெளியே கல்தூண்களின் மேல் பந்தல் பந்தலாகத் திராட்சை விரிந்து கிடக்கிறது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதே, அந்தக் கம்பம் பன்னீர்த் திராட்சைதான். ஊரில் இறங்கி நடந்தால் இன்னொன்றும் கண்ணில் படும். புல்லறுக்கவும் கதிரறுக்கவும் போகிற பெண்கள் கையில் இருக்கும் பன்னரிவாள்!

நாம் கத்தி வாங்கும்போது அலகைத் தடவிப் பார்ப்போம், பளபளப்பைப் பார்ப்போம், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். பிடியை யார் பார்க்கிறார்கள்? வரப்பில் புல்லறுத்துக் கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"அலகு மழுங்குனா சாணை பிடிச்சுக்கலாம் தாயி. பிடி ஏமாத்துச்சுன்னா கை போயிரும்ல!" என்று இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலின் குறுக்கே நீளமாக ஒரு தழும்பு. பச்சை மரத்தில் போட்ட பிடியாம். மூன்றே மாதத்தில் மரம் சுருங்கி, பூண் கழன்று, ஈரப் புல்லில் அலகு திரும்பிவிட்டது. ஒரு விரலை மடக்க முடியாத கூலிக்காரிக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

பிடி போடுகிற ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். மலையடிவாரம் ஆயிற்றே, ஈட்டியும் கருங்காலியும் குவிந்திருக்கும் என்று எண்ணினால், கிடந்ததெல்லாம் புளியங்கட்டையும் கருவேலங்கட்டையும்! மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே ஒரு குச்சியை ஒடிக்கக் கூடாது. அதனால் குறை ஒன்றும் இல்லை. (கருங்காலி மாலைக்கு இப்போது இருக்கிற கிராக்கியில் அந்த மரம் அரிவாளுக்கு எங்கே மிஞ்சப் போகிறது?) வயதான புளிய மரத்தின் நடுவே கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்திருக்கும். கறிக்கடைக்காரர் நாள் முழுவதும் கொத்தியும் தாங்குகிற கட்டை அதுதானே? சுற்றியுள்ள வெளிறைப் பூச்சி அரிக்கும். அதைச் செதுக்கித் தள்ளிவிட வேண்டியதுதான்.

கடினமான மரம் என்றால் காரியம் சுலபம் என்று நினைக்காதீர்கள். மரம் எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு மெதுவாக அதன் ஈரம் வெளியேறும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் மேற்புறம் மட்டும் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மேலே இழுக்கிறது, உள்ளே விட்டுக் கொடுக்கவில்லை. 'படார்' என்று வெடிப்பு! அதிலும் வெட்டுமுனை வழியாக ஈரம் வெகு வேகமாகப் போய்விடுவதால், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஆகவே வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகு உருக்கிப் பூசுகிறார். மெழுகு இல்லாவிட்டால் சாணி. கம்பின் நட்டநடு மையம் பிடியில் வராதபடி, கட்டையை முதலிலேயே பிளந்தும் விடுகிறார். மையம் உள்ளே இருந்துவிட்டால் இன்றோ நாளையோ அது பிளக்காமல் விடாது.

பிறகு நிழலில், காற்றோட்டமான பரணில் அடுக்கு. ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது தச்சர்களின் கணக்கு. கட்டைகளின் மேல் சாக்பீஸால் ஏதேதோ எண்கள் கிறுக்கியிருந்தன. பால் கணக்கோ என்று கேட்டேன். சிரித்தார். மாதம் ஒரு முறை பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்து எடை எழுதுகிறாராம். எடை குறைந்துகொண்டே வந்து, ஒரு நிலையில் நின்றுவிடும். நின்றால் மரம் தயார். எவ்வளவு எளிய சோதனை, பாருங்கள்!

அலகின் வாலைச் சொருகுவது கண்கொள்ளாக் காட்சி. பிடியில் சிறு துளையிட்டு, வாயில் பூணை இறுக்கி, வாலைப் பழுக்கக் காய்ச்சி இறக்குகிறார். குபுகுபுவென்று புகை, மரம் கருகித் தனக்கு வேண்டிய இடத்தை இரும்பே செய்துகொள்கிறது. இடுக்கில் அரக்கை உருக்கி ஊற்றுகிறார். கடைசியில் ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் போதாதா என்றேன். அது உலராமல் பிசுபிசுக்குமாம். ஆளிவிதை எண்ணெய்தான் காய்ந்து மரத்தோடு படியுமாம். வீட்டுக் கத்திக்கும் இதே வைத்தியம் செய்யலாம், சகோதரிகளே. தொட்டி நீரில் இரவெல்லாம் ஊறப் போட்டால் மட்டும் எந்த மரமும் தாங்காது.

எனக்கும் ஒரு காய்கறிக் கத்திக்குப் பிடி வேண்டும் என்று கேட்டேன். ஆசாரி பரணை அண்ணாந்து பார்த்தார். ஒரு கட்டையை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் மேலே வைத்தார்.

"இன்னும் எடை இறங்குது. ஆடி கழிச்சு வாங்கம்மா."