அடுப்படி ஆறுதல்

அழுகின்ற குழந்தைக்கு ஒரு பிஸ்கட். களைத்து வரும் கணவருக்கு ஒரு கோப்பைத் தேநீர். வீடு தேடி வந்தவருக்கு, என்ன காரியமாக வந்தார் என்று கேட்பதற்கு முன்பே ஒரு தட்டுப் பலகாரம். சாவு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதனால் அண்டை வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கும் சோறும் குழம்பும். தமிழர் குடும்பங்களில் அன்பும் ஆறுதலும் சொல்லாக வெளிப்படுவதைக் காட்டிலும் உணவாக வெளிப்படுவதே மிகுதி. ‘சாப்பிட்டாச்சா?’ என்னும் ஒரு கேள்விக்குள் நலமா, வருத்தமா, கோபம் தீர்ந்ததா என்னும் எத்தனையோ கேள்விகள் அடங்கிக் கிடக்கின்றன. அக்கேள்வியை வீட்டில் எல்லோரிடமும் கேட்பவள் ஒருத்தி. அதை அவளிடம் திருப்பிக் கேட்பவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

நிபோங் திபாலில் தோட்டங்களை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களில் அப்படிப்பட்ட பெண்கள் பலர். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பால்மரம் வெட்டியவர்களின் மகள். பதினெட்டு வயதில், 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் வழியாக ஆலைப் பேருந்தில் பாயான் லெப்பாசுக்குப் போய்வந்து, மின்னணுப் பொருள்களின் நுண்ணிய கம்பிகளைக் கண் வலிக்கப் பார்த்துப் பார்த்துத் தம்பி தங்கையரைக் கரையேற்றியவள். இப்பொழுது பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியார் வீட்டில் இருக்கிறார். மகன் கோலாலம்பூரில் இருக்கிறான்; கல்விக் கடன் இன்னும் அடையவில்லை. மகளின் திருமணப் பேச்சு இரண்டு முறை முறிந்துவிட்டது. மாதவிலக்கு நிற்கும் பருவம். நள்ளிரவில் உடல் கொதித்து வியர்க்கிறது, உறக்கம் கலைகிறது. பகல் முழுவதும் அவள் யாரோடும் சண்டையிடுவதில்லை, அழுவதுமில்லை. எட்டு மணிக்கு எல்லோரோடும் உண்டும் ஆயிற்று. பத்து மணிக்கு வீடு அடங்கியபின், மீந்த மீகூன் தட்டோடும் முறுக்கு டின்னோடும் அடுப்படியில் நிற்கிறாள். டின்பால் ஊற்றிய தேநீர் ஒன்றும் கலந்தாயிற்று. அமர்ந்து உண்பதில்லை; நின்றுகொண்டே உண்கிறாள். உட்கார்ந்தால் அது சாப்பாடாகிவிடும் அல்லவா?

இதனைப் பெருந்தீனி என்று சொல்லிவிடுவது எளிது. அதிகம் உண்ணும் ஆணுக்குச் ‘சாப்பாட்டு ராமன்’ என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. பெண்ணுக்கு அந்தச் செல்லம் கிடைப்பதில்லை. குறைவாக உண்பதே பெண்ணுக்கு அழகு என்று பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறை அவளுடையது. ஜெர்மானிய மொழியில் துயரத்தால் ஏறிய சதையைக் குறிக்கவே ‘கும்மர்ஷ்பெக்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே துயரம் முன்னே நிற்கிறது, சதை பின்னே வருகிறது. இங்கே சதை மட்டும் கண்ணில் படுகிறது.

பசியை வயிறு மட்டும் ஆள்வதில்லை. கவலையும் நெருக்கடியும் நாள்கணக்கில் நீடிக்கும்பொழுது அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் சுரப்புநீரைக் கூடுதலாக வெளியிடுகின்றன. அஃது இனிப்பின்மீதும் கொழுப்பின்மீதும் விருப்பத்தைத் தூண்டுகிறது. மிஞ்சிய சக்தியை வயிற்றுப் பகுதியில் கொழுப்பாகச் சேர்த்து வைக்கவும் துணை போகிறது. எலிசா எப்பெல் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கடிக்கு ஆளானபொழுது கார்ட்டிசோல் மிகுதியாகச் சுரந்த பெண்கள் மற்றவர்களைவிட அதிகம் உண்டதையும், இனிப்பையே கூடுதலாக நாடியதையும் கண்டறிந்தார். 2003இல் மேரி டால்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி மேலே சென்று, அத்தகைய ‘ஆறுதல் உணவு’ மூளையின் நெருக்கடி நிலையைச் சற்றே தணிக்கவும் கூடும் என்று விளக்கியது. அதாவது, அடுப்படியில் நிற்பவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அந்த முறுக்கு உண்மையிலேயே சிறிது நேரம் வேலை செய்கிறது. அதனால்தான் மறுநாளும் கை அங்கே போகிறது. நடுவயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து கொழுப்பு இடுப்பை விட்டு வயிற்றுக்கு இடம்பெயரும் காலமும், உறக்கம் கெட்டுப் பசி கூடும் காலமும் ஒன்றாக வந்து சேர்வதுதான் கொடுமை.

நிபோங் திபால் வட்டாரத்திற்குச் சீனியோடுள்ள உறவு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் இத்தென்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் விரிந்து கிடந்தன. அவற்றில் வெட்டவும் சுமக்கவும் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் ரப்பரும் போய்ச் செம்பனை வந்தது. கரும்பு போனபின்னும் சீனி மட்டும் தேநீரில் தங்கிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் வாளிகளைச் சுமந்த பெண்ணுக்கு அந்தச் சீனி வேலைக்கான எரிபொருளாயிற்று. அக்காலம் இனிய காலம் என்று எவரேனும் சொன்னால் அது பொய். பட்டினியும் கள்ளுக்கடையும் அடியும் உதையும் லயத்துப் பெண்களுக்குப் புதியவை அல்ல. ஆயினும் பொழுது சாய்ந்தால் லயத்து வாசற்படியில் ஒருத்தியின் தலையை மற்றொருத்தி மடியில் வைத்துப் பேன் பார்த்தபடி, அன்றைய வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டித் தீர்க்க ஓர் இடம் இருந்தது. தாமான் வீட்டுக்கு இரும்புக் கதவு உண்டு, பூட்டு உண்டு, அந்தப் படி இல்லை.

விளைவு எண்களில் தெரிகின்றது. 2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய நாடளாவிய ஆய்வில், வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவர்களாகக் காணப்பட்டனர். இந்தியரிடையே அது 63.9 விழுக்காடு. நீரிழிவு நாட்டளவில் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4. இவற்றுக்கெல்லாம் மனவருத்தமே காரணம் என்று சொல்வது மிகை. மரபும் உண்டு, சோறும் உண்டு, உட்கார்ந்தே செய்யும் வேலையும் உண்டு. ஆனால் சுகாதார நிலையத்தில் எழுதித் தரப்படும் அறிவுரை இவற்றை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. “அம்மா, சோற்றைக் குறைங்க, சீனியை விடுங்க, நடங்க.” மூன்றும் சரியான சொற்களே. இரவு பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்று கேட்கும் நான்காவது சொல் அங்கு இல்லை; வரிசையில் அறுபது பேர் காத்திருக்கும்பொழுது கேட்கவும் நேரமில்லை. அவளும் சொல்ல மாட்டாள். ‘இந்த வயதில் வாயைக் கட்டத் தெரியவில்லையே’ என்ற வெட்கத்தோடு வீடு திரும்புகிறாள். அந்த வெட்கமும் ஒரு துயரமே. அதற்கும் அன்றிரவு அடுப்படியிலேதான் மருந்து.

பசித்தபின் அளவறிந்து உண்பதை வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். பசியே இல்லாதபொழுது உண்ண வைப்பது எது என்பதே இங்குள்ள கேள்வி. அதற்கு விடை காண உதவும் முறைகள் இன்று இருக்கின்றன. உண்ணுமுன் இது வயிற்றின் பசியா, மனத்தின் பசியா என்று கேட்டுப் பழகுவதும், எந்த நாளில் எந்தப் பேச்சுக்குப் பின் கை டின்னைத் தேடியது என்று குறித்து வைப்பதும் உளவியலாளர் கற்றுத் தருபவை. மாதவிலக்கு நிற்கும் காலத்து வியர்வைக்கும் உறக்கமின்மைக்கும் மருத்துவம் உண்டு. பொறுத்துக்கொள்ள வேண்டிய விதி அன்று. கட்டுமீறி, வயிறு வலிக்கும்வரை, மறைவாகத் திரும்பத் திரும்ப உண்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனியொரு நோயாக வகைப்படுத்தியது. அந்நிலைக்குச் சென்றவளைக் கண்டிப்பது காய்ச்சல்காரியைக் கண்டிப்பதற்குச் சமம்.

மனவுறுதி இல்லாதவள் என்று அவளைச் சொல்பவர்கள் தைப்பூசக் காலத்தில் அவளைப் பார்க்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள் விரதம், ஒருவேளை உணவு, புலால் இல்லை. முறுக்கு டின் அதே இடத்தில் இருக்கிறது. கை அதன் பக்கம் போவதில்லை. நாக்கு அதே நாக்குத்தான். ஆனால் அந்நாள்களில் அவள் தனியாக இல்லை. அண்டை வீட்டுப் பெண்களும் விரதம் இருக்கிறார்கள். மாலையில் கோயிலில் சந்திக்கிறார்கள், ‘எப்படி இருக்கு அக்கா, தலை சுத்துதா?’ என்று ஒருத்தியை ஒருத்தி விசாரிக்கிறார்கள். வீட்டாரும் அவளுக்காகக் குரலைத் தாழ்த்துகிறார்கள். சமையலை மகள் பார்த்துக்கொள்கிறாள். தண்ணீர்மலைப் படிகளில் பால்குடத்தோடு ஏறும்பொழுது பின்னால் வருபவள் முழங்கையைத் தாங்கிப் பிடிக்கிறாள். தைப்பூசம் முடிந்த மறுநாள் அக்கூட்டம் கலைந்து விடுகிறது. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்ற மறுபடி அவர்கள் ஒன்றுகூடுவது ஆடி மாதத்தில்.