தவிட்டு உருண்டையும் ஒரு பி.காமும்

மீன் பிடிக்கத் தூண்டில் இருந்தால் போதும் என்று நினைப்பவரா நீங்கள்? கை கொடுங்கள் சார், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2011-ல் பி.காம். முடித்துவிட்டு வளவனூரில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், காலையில் பாசஞ்சர் பிடித்து விழுப்புரம் போய் அப்ளிகேஷன் கொடுப்பது, சாயங்காலம் அதே மாதிரி ஒரு பாசஞ்சரில் வெறுங்கையோடு திரும்புவது. அப்பா ரிடையர் ஆன நேரம். அவருடைய பி.எஃப். பணத்தை வாங்கி செல்போன் கடை வைக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. கேட்கத்தான் தைரியமில்லை. எண்பது வயசு தாத்தாவை சிபாரிசுக்குப் பிடிக்கலாமென்று போனால், அவர் "வாடா, வெரா புடிக்கலாம்" என்று ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறியிருந்தது.

விரால் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. தெலங்கானாவில் அதுதான் மாநில மீன். உயிரோடு துள்ளுகிற பொடி மீன் என்றால் விட்டுவைக்காது. ஆக, மீன் பிடிக்க முதலில் மீன் பிடிக்கணும். வேலை கேட்டுப் போனால் எக்ஸ்பீரியன்ஸ் கேட்கிற மாதிரி!

தாத்தா காலத்தில் சட்டி வாயில் துணி கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே தவிட்டு உருண்டை வைப்பார்களாம். எங்களுக்கு 2 லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில். கழுத்துப் பக்கத்தை வெட்டி, மூடியைக் கழற்றி, தலைகீழாக அதற்குள்ளேயே செருகித் தைத்தோம். ஆணியைச் சுட்டு சுற்றிலும் ஓட்டை. உள்ளே தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை, மூழ்குவதற்கு ஒரு கல். கோரை ஓரமாக முழங்கால் தண்ணீரில் வைத்தால், புனல் வழியாக நுழைந்த கெண்டைப் பொடி ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வரும். நடுவில் இருக்கிற வாசல் அதன் கண்ணில் படாது. அதை முதுகுப் பக்கம், நடு எலும்பில் படாமல் தூண்டில் முள்ளில் கோத்தால் நெடுநேரம் துள்ளும்.

அரை மணி நேரம் காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? கோரைக்கு நடுவே சிவப்பாக ஒரு கூட்டம் தளதளவென்று மிதந்தது. துண்டை விரித்து ஒரே அள்ளு. நூறு இருக்கும்!

"தாத்தா, ஒரு வாரத்துக்குக் காணும்!"

தாத்தா முகம் மாறிப் போச்சு. "விடுறா அத! வெரா குஞ்சுடா அது. கீழ அப்பனும் ஆத்தாளும் காவலுக்கு நிக்கும்."

"இவ்ளோ இருக்கே, எடுத்தா இன்னா தாத்தா?"

"கெண்டப் பொடி வட்டி மாதிரிடா, எடுத்துத் தின்னு. இது மொதலு. மொதல்ல கை வெச்சா அடுத்த வருசம் இன்னாத்தத் தின்னுவ?"

அஞ்சாம் கிளாஸ் படிச்ச மனுஷன். மூணு வருஷம் காமர்ஸ் படித்த நான் துண்டைத் தண்ணீரில் கவிழ்த்தேன். சிவப்புக் கூட்டம் மறுபடி ஒன்று சேர, அடியில் கறுப்பாக ஏதோ பெரிசாகப் புரண்டது.

திரும்பும்போது கேட்டார்: "எதுக்கோ வந்தியே, இன்னா சேதி?"

"ஒண்ணுமில்ல தாத்தா."

அடுத்த மாசம் பாண்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். சொற்பச் சம்பளம்தான். அப்பாவின் பணம் பேங்கிலேயே இருந்தது. 2015-ல் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது, யாரிடமும் கை நீட்டாமல் அதை எடுத்துக் கட்டினோம்.

அன்று விரால் மாட்டியதா என்கிறீர்களா? கோத்திருந்த கெண்டையை மட்டும் தின்றுவிட்டு, முள்ளை எங்களுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தது. அதுக்கும் கணக்குத் தெரியும் போல!