தப்பு உன்னுடையது இல்லை
ஸ்பிரிங் பூட்டில் வெப் சர்வீஸ் எழுதப் பழகும் சித்தி மகள், பாடத்தில் உள்ளபடியே அடித்தும் கம்பைல் ஆகவில்லை என்று அழாத குறையாகப் பேசினாள். அவள் எழுதியதில் தப்பே இல்லை. பாடம்தான் பழசு.

2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3-க்கு குறைந்தது ஜாவா 17 வேண்டும். ‘ஜாவாஎக்ஸ்.பெர்சிஸ்டன்ஸ்’ என்ற இம்போர்ட்டும் ‘ஜகார்த்தா.பெர்சிஸ்டன்ஸ்’ ஆகிவிட்டது. ஜாவா இ.இ. ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியபோது, பழைய ‘ஜாவாஎக்ஸ்’ பெயரைத் தொடர்வதில் உடன்பாடு எட்டப்படவில்லை. அதனால் வந்த மாற்றம் இது. அந்த வரிகளை மாற்றியதும் 8080 போர்ட்டில் சர்வர் எழுந்து நின்றது.

எங்கோ முறிந்த பேச்சுவார்த்தைக்காக, முதல் புரோகிராம் எழுதும் பிள்ளை ஏன் தன் அறிவைச் சந்தேகிக்க வேண்டும்? பாடம் எழுதுகிறவர்களே, எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதைத் தயவுசெய்து முதல் வரியிலேயே போடுங்கள்.